தண்ணீர் ஊற்றக் கூடாத செடி

"என் பொண்ணு நெஞ்சு மேல கல்லை ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் கிருபாபாய். வீட்டில் புருஷனிடம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சித்தூர் சபையின் கல்லறைக் கமிட்டி கூடியிருந்த அறைக்குள் நுழைந்து, மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, தலைவர் சத்தியநாதனின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். கமிட்டியின் காரியதரிசியும் அவளுடைய கணவருமான இன்பசேகரன் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மனுஷர் தமிழ் வாத்தியார். வகுப்பில் ஒரு பையன் மூச்சு விட மாட்டான். இங்கே அவருக்கே மூச்சு விட வழியில்லை.

விஷயம் இதுதான். திருத்தணி மெட்ராஸ் பக்கம், சித்தூர் ஆந்திரா பக்கம் என்று எல்லைத் தகராறு ஒருவழியாக முடிவுக்கு வந்துகொண்டிருந்த சமயம் அது. சபையின் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேலூர், அரக்கோணம் என்று மூட்டை கட்டின. போகிறவர்கள் உயிரோடு இருப்பவர்களைத்தான் கூட்டிக்கொண்டு போக முடியும். இறந்தவர்கள் இங்கேயே கிடந்தார்கள், அவர்கள்மேல் முள் மண்டியது. இடமும் நெருக்கடி. அடுத்த ஈஸ்டருக்குள் நிலையான அடையாளம் வைக்காத மண்மேடுகளை நிரவி, புதுக் குழிகளுக்கு எடுத்துக்கொள்வது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியவர் இன்பசேகரன்தான். அவர் மகள் சாராளும் அங்கே ஒரு சின்ன மண்மேடுதான். ஒரு கல்லை வைத்துவிட்டால் தீர்ந்தது என்று அவர் நினைத்தார். பெற்றவள் அப்படி நினைக்கவில்லை.

"அப்ப இன்னாதாம்மா பண்ணணும்ன்ற?" என்றார் சத்தியநாதன். பாகாலா லைனில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரகசியம் பேசினாலும் பிளாட்பாரக் கடைசிவரை கேட்கும்.

"செடி வெக்கிறேன். நெருக்கமாப் படர்ந்து மேட்டையே மூடிக்கும். வெயில்ல சாவாது. ஆளு பார்க்காட்டியும் இருக்கும். அதுதான் அடையாளம்" என்று சொல்லி, கிருபாபாய் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு கொத்தை மேஜைமேல் வைத்தாள்.

இரண்டு விரல் உயரம்கூட இல்லாத செடி. நெல்மணி அளவில் தடித்தடியாக இலைகள். சத்தியநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அறை அதிரச் சிரித்தார்.

"அடப் பாவமே! இது பருப்புக்கீரைம்மா. எங்க பூட்டுல கடைஞ்சி துன்றோம்! மழைக்கு மொளைக்கும், விதைய உதுக்கும், வெயிலுக்குக் காணாமப் போயிடும். நீங்களும் வேலூருக்குப் போய்ட்டீங்கன்னா இந்தக் கீரைய நம்பி அந்தப் புள்ளை கெடக்கணுமா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் சிரிப்பு இல்லை. வேலூர்ப் பள்ளியில் இன்பசேகரனுக்கு வேலை உறுதியாகியிருந்தது. இந்தப் பள்ளி வருஷம் முடிந்ததும், அடுத்த ஈஸ்டர் கழித்துப் புறப்பட வேண்டும். செடி கீரையாக இருந்தால் ஒரு கோடைக்குள் மகளின் இடம் வெறும் தரை. அதன்மேல் வேறு யாரோ.

"கீரை இல்லை" என்றாள் கிருபாபாய். "ஒரு வருஷம் டைம் குடுங்க. அடுத்த ஈஸ்டருக்குப் பச்சையா இருந்தா நீங்க தொடக் கூடாது."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி உங்க இஷ்டம்."

வாத்தியாருக்குப் பேனா மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. இவளுக்கு எங்கிருந்து வருகிறது இத்தனை நெஞ்சழுத்தம் என்று அவர் மலைத்தார். பயந்தார் என்றும் சொல்லலாம். ஆனால் மலைப்புதான் முதலில் வந்தது.

அந்தச் செடி ஹார்ஸ்லி மலையிலிருந்து வந்தது. கிருபாபாய் ஆஸ்பத்திரி நர்ஸ். நர்சுகளை மலைக்குக் கூட்டிப்போனபோது, ஒரு பங்களாவின் கல்படியில், மண்ணே இல்லாத இடுக்கில் அது பாய் விரித்திருந்ததை அவள் பார்த்தாள். தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு பிடி வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸிலும் வீட்டிலுமாக அது நாலைந்து நாள் முடிச்சிலேயே கிடந்தும் வாடவில்லை. "பாருங்களேன், இன்னா வைராக்கியம்!" என்று புருஷனிடம் காட்டினாள். யார் யாரைப் பார்த்து வைராக்கியம் என்கிறார்கள் என்று அவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அவள் அதை வளர்த்த அழகை உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்தார். கத்தரியால் விரற்கடை நீளத்துக்கு நறுக்குவாள். உடனே நட மாட்டாள். "வெட்டுக்காயம் ஆறட்டும்" என்று நிழலில் உலரவிடுவாள். உடைந்த செங்கல், ஆற்றுமணல், பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரை எல்லாம் கலந்து அகலச் சட்டியில் பரப்பி, அதன்மேல் துண்டுகளைச் சும்மா தூவுவாள். அமுக்கிப் புதைப்பதில்லை. கணுவுக்குக் கணு நூல் மாதிரி வேர் இறங்கும். தண்ணீரா? கை நனைத்து உதறுவாள், அவ்வளவுதான். எரு போட்ட சட்டியில் செடி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துபோக, "பணக்காரப் புள்ளை" என்று அதைத் தூக்கி எறிந்தாள். வார்டில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும். கொஞ்சல் கிடையாது, கவனம் மட்டும் இம்மி பிசகாது. மழைக்காலம் தொடங்குமுன் சாராளின் மேட்டைச் செங்கல் ஜல்லியும் காரையும் போட்டு மூடி, சட்டிகளிலிருந்து பெயர்த்துப் பரப்பிவிட்டாள்.

நடுவில் இரண்டு பேரும் செடியை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய்வந்தார்கள். பாகாலாவில் வண்டி மாறி, மொட்டை போடப் போகிறவர்களும் போட்டுத் திரும்புகிறவர்களுமாக இடித்துத் தள்ளிய பெட்டியில் செடிச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். அங்கே கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தந்த தாமோதரன், இன்பசேகரனோடு படித்தவர். லென்ஸை வைத்துக் கணுக்கணுவாகப் பார்த்தார்.

"கணுவுல ரோமம் இல்லை. அது நல்ல சேதி. நம்ம ஊர் தரைப் பருப்புக்கீரைக்கு அங்க வெள்ளை வெள்ளையா ரோமம் இருக்கும்" என்றார். "ஆனா இலையைப் பார்த்து சத்தியம் பண்ண மாட்டேன்மா. தடிச்ச இலைச் செடிங்க ஒண்ணை ஒண்ணு பார்த்து வேஷம் போடும். பூ கொண்டாங்க. பருப்புக்கீரைப் பூ வெயிலுக்குத் திறந்து மத்தியானத்துக்குள்ள மூடிக்கும். அதோட காய், செப்பு மூடி மாதிரி மேல்பாதி கழண்டு விதையைக் கொட்டும். நீங்க நெனைக்கிற மாதிரி இது ஸெடம்ங்கிற கல்லுச்செடின்னா, பூ அஞ்சு முனை நட்சத்திரம். மூடாது. நடுவுல அஞ்சு காய் தனித்தனியா நிமிர்ந்து நிக்கும். அப்படி இருந்தா கவலையே படாதீங்க. பாறை மேல குடித்தனம் பண்ற ஜாதி அது."

ஆக, பூக்க வேண்டும். அதுவரை யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த மழைக்காலத்திலேயே ஒரு கூத்து நடந்தது. கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் ரங்கையாவின் மனைவி சந்திரம்மா, தோட்டத்து மூலையிலேயே குடியிருக்கிறவள். மேடு முழுக்கக் கொழுகொழுவென்று பச்சை. தலைவரே கீரை என்று சொல்லிவிட்டார். ஓரமாக ஒரு மடி பறித்து, பருப்போடு கடைந்து ரங்கையாவுக்குப் போட்டுவிட்டாள். அவர் ஒரு கவளம் வாயில் வைத்துத் துப்பிவிட்டார்.

"நாக்கு சுறுசுறுன்னு எரியுதும்மா! தொண்டையெல்லாம் அரிப்பு. கங்கபாயலாகு, அதான் உங்க பருப்புக்கீரை, அது இல்ல இது, இன்னாவோ பாழாப்போன இலை" என்று சந்திரம்மாவே கிருபாபாயிடம் வந்து சண்டைக்கு நின்றாள். திருடியவள் சண்டைக்கு வருகிறாள், பார்த்தீர்களா?

"என் பொண்ணு போர்வையப் பறிச்சித் துன்னுட்டு என்னையே கேக்கறியா?" என்று கிருபாபாய் ஒரு பிடி பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சாராள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்பசேகரன் பார்த்ததில்லை. கண்ணீர் வர அவரும் சிரித்தார்.

மழை விட்டது. பனிக்காலத்தில் வெயில் ஏறினாலும் பனி விழுந்தாலும் செடி இறுகி, இலை நுனியில் லேசாகச் சிவந்து, தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தது. கிருபாபாய் நல்ல ஆரோக்கியம் என்றாள். ஊரார் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. வாடுது, பாவம், தாகம் என்று தெரிந்தது. சித்தூரில் அன்பு என்றால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர்தான். வாசலுக்கு வந்த விரோதிக்கும் அதைக் கொடுத்த பிறகுதான் மற்ற பேச்சு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் செடி இளகத் தொடங்கியது. இலை கண்ணாடிபோல் வெளிறி, தொட்டால் நீராக உடைந்தது. தண்டெல்லாம் கறுத்து அழுகியது. கிருபாபாய் ஜல்லிக்குள் விரலை விட்டாள். மழை நின்று எத்தனையோ நாளாகியும் சொதசொதவென்று ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது வாசற்படியில் நின்றுகொண்டாள். "யாரு என் பொண்ணுக்குத் தண்ணி ஊத்தனது?"

ரங்கையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "நான்தாம்மா. தினம் ஒரே ஒரு கொடம். பச்சப் புள்ள சமாதி, மனசு கேக்கலை."

"நானும் ஒரு சொம்பு..." என்று இழுத்தாள் மாதர் சங்கத்து ஞானமணி. "நீங்க டூட்டிக்குப் போய்டறீங்க, யாரு ஊத்துவாங்கன்னுதான்..." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கோயில் கூட்டுகிறவர், மணி அடிக்கிறவர், எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான். தான் ஒருவர்தான் ஊற்றுகிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. சத்தியநாதன்.

"சாயங்காலம் வாக்கிங் வரப்ப... ஒரு கூஜா" என்றார் அவர். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"நீங்களுமா ஐயா? கீரைன்னீங்களே?"

"கீரைன்னா மட்டும் காயணுமா?"

கிருபாபாய் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இந்தப் பேஷண்டுக்கு விசிட்டருங்க ஜாஸ்தி. அதான் செத்துது" என்றாள். பிறகு தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ஊற்றினார். அவரும்தான் ஊற்றினார். விடியற்காலம் பள்ளிக்குப் போகிற வழியில், சாப்பாட்டுப் பையில் மறைத்துவைத்த தம்ளரில். செடிக்காக ஊற்றவில்லை. சாராளுக்கு வாந்தியும் பேதியுமாக இருந்த அந்த இரண்டு நாளும் வாய்வழியாக ஒரு சொட்டுக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "நைனா, தண்ணி" என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் தம்ளரை எடுத்துவிட்டார். கிருபாபாய் கையைப் பிடித்துத் தடுத்தாள். பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தாள். கேட்டுக்கொண்டே போய்விட்டது குழந்தை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அவர் காதில் அந்தச் சொல் விழும். அவர் என்ன செய்வார்?

மேடு மொட்டையானது. வீட்டுச் சட்டிகளில் இருந்ததையெல்லாம் அவள் முன்பே பெயர்த்து நட்டுவிட்டதால் மறுபடி நடவும் ஒன்றுமில்லை. சத்தியநாதன் வீட்டுக்கே வந்தார். "தீர்மானத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. ஒரு சின்னக் கல்லு. நானே வெக்கிறேன். ஒத்துக்கோ தாயி" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் காப்பி கொடுத்தாள், மாட்டேன் என்றாள். இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தாள். இன்பசேகரன் தூங்குவதுபோல் கிடந்தார்.

ஈஸ்டருக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. ஒரு நாள் மத்தியானம் சந்திரம்மா ஆஸ்பத்திரி வாசலில் வந்து மூச்சிரைக்க நின்றாள். "நர்ஸம்மா, ரா அம்மா, தொந்தரகா ரா!" என்று சீக்கிரம் வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். பள்ளிக்கும் ஆள் போயிற்று. இன்பசேகரன் சாக்பீஸ் கையோடு ஓடினார்.

சந்திரம்மாவின் அடுப்படிக்குப் பின்னால் தோட்டத்தின் பழைய மதில். பாதி இடிந்து, காரை பெயர்ந்து, வெயிலில் கல் கொதிக்கிற இடம். கடைந்தது போக மீந்த கீரையைக் கோபத்தில் அவள் விசிறி எறிந்தது அந்த மதில்மேல்தான். ஆடுகூட அதை மோந்துவிட்டுப் போய்விட்டது. ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதில்தலை முழுக்க இப்போது செடி படர்ந்து, கல் இடுக்கெல்லாம் வேர் பிடித்து, பச்சை தெரியாமல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக்கிடந்தது.

அடேயப்பா! தூக்கி எறியப்பட்ட இடத்தையே ஊராக்கிக்கொண்டு இந்தப் பொடிச்செடி என்ன பிழைப்புப் பிழைத்திருக்கிறது! ஒரு கோவணம் அகலத்துக் காரையில் ஒரு ராஜ்யமே நடத்துகிறதே! இன்பசேகரன் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார், கிறிஸ்தவர் என்பதை மறந்து.

கிருபாபாய் கும்பிடவில்லை, அழவில்லை. எக்கி நின்று ஒரு பூவின் முனைகளை எண்ணினாள். "அஞ்சு முனை. மத்தியானம் தாண்டிடுச்சு, இன்னும் மூடலை" என்றாள். அப்புறம்தான் சந்திரம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் இன்பசேகரன் டிபன் பாக்ஸில் பூங்கொத்தோடு திருப்பதிக்கு ரயிலேறினார். தாமோதரன் லென்ஸுக்குள் பார்த்துவிட்டு, லென்ஸை அவரிடமே கொடுத்தார். நட்சத்திரத்தின் நடுவே ஐந்து குட்டிக் காய்கள், தனித்தனியாக, நிமிர்ந்து. "ஸெடம்தான். இனி இதுல எந்த வகைன்னு வேணா சண்டை போடலாம். கீரை இல்லை. கல்லு இருக்கிறவரைக்கும் இதுவும் இருக்கும்" என்றார் தாமோதரன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இன்பசேகரன் ஊர் திரும்பினார்.

ஈஸ்டர் விடியலில் மெழுகுவத்தியோடு சபை கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. மதிலிலிருந்து பெயர்த்து நட்டது மேட்டில் பிடித்திருந்தது. ஓரிரண்டு பூ உதிராமல் நின்றன. சத்தியநாதன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, பாகாலா ஜங்ஷன் முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரலில் அறிவித்தார்: "இது கீரை இல்லை! நிலையான அடையாளம்! யாராச்சும் இதுக்குத் தண்ணி ஊத்தினீங்க, கைய ஒடிச்சிடுவேன்!" ஜனம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலூருக்குப் புறப்பட்ட அன்று காலையில், சாமான்களை ஏற்றிய லாரி முன்னால் குடிபாலா ரோட்டில் போய்விட்டது. இவர்கள் பஸ்ஸுக்குப் போகும் வழியில் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். இன்பசேகரன் மேட்டருகே உட்கார்ந்தார். கை தன்பாட்டுக்குப் பைக்குள் போனது. தம்ளர் விரலில் தட்டுப்பட்டதும் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"எடுங்க" என்றாள் கிருபாபாய்.

"இல்ல கிருபா. சும்மாதான்."

"எனக்குத் தெரியும். டிசம்பர்லயே தெரியும்." அவளே பையைத் திறந்து தம்ளரை எடுத்தாள். தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். "ஊத்துங்க."

"அழுகிப்போயிடுமே!"

"ஒரு தம்ளருக்கு ஒண்ணும் ஆவாது. அன்னிக்கும் ஆயிருக்காதோ இன்னாவோ." அவள் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உடைந்தது. "நான்தானே கையப் பிடிச்சேன்?"

அவர் தம்ளரை வாங்கிச் சாய்த்தார். தண்ணீர் இலைகள் மேல் முத்து முத்தாக நின்று, பிறகு ஜல்லிக்குள் இறங்கியது.

"முழுசும் ஊத்திடாதீங்க" என்று அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "பாதி எனக்கு. நானும் ஊத்தணும்."